நாலடிப் பச்சை

வவுனியாவிலிருந்து லொறியில் வந்தது புல்.
சதுரம் சதுரமாய், ரொட்டி அடுக்கியதுபோல்,
ஈரச் சாக்கு மூடி.
இறக்கிய பொடியன் சொன்னான்:
"அக்கா, காலமையும் பின்னேரமும் தண்ணி.
ஒருநாள் விட்டாலும் முகத்தைச் சுளிக்கும்."

காசு, தங்கை சுகிர்தா பேர்ணிலிருந்து அனுப்பியது.
வரைபடமும் அவள் வரைந்ததுதான்.
படலையிலிருந்து வளைந்து வரும் நடைபாதை,
இரு பக்கமும் எக்சோரா, நடுவே புல்,
மூலையில் அல்லிக்குளம்,
குளத்துக்கு மேலே பொம்மைப் பாலம்.
கிணறு இல்லை அதில்.
நான்தான் பென்சிலால் போட்டேன்,
துணுக்காய்க் கிணறு, முப்பத்திரண்டடி,
ஆவணியில் வாளி பாறையில் தட்டும் சத்தம் கேட்கும்.

எட்டரைக்குத் தபாற்கந்தோரில் நிற்கவேண்டும் நான்.
நாலரைக்கு எழும்பி, மோட்டரைப் போட்டு,
இருட்டில் குழாய் இழுத்த அந்த நாள்களில்
புல்லின் நிறத்தை நான் பார்க்கவேயில்லை.
எங்கே நனைந்தது, எங்கே காய்கிறது
என்பதைக் கால் சொல்லும்.
கரண்ட் பில் வந்தது. இரண்டு தரம் வாசித்தேன்.
எண்ணில் பிழையில்லை.

குளமும் வெட்டினோம், இல்லையென்று சொல்லமாட்டேன்.
சுகாதாரப் பரிசோதகர் வந்து
டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தார்.
"நுளம்புக் குடம்பி."
எழுதினார், கிழித்தார், தந்தார்.
இப்போது குளத்தில் மணல். மணலில் பூனை.

எக்சோராவை மாடு தின்னாது என்றார்கள்.
அதை யாரும் மாட்டுக்குச் சொல்லவில்லை.

மயில்கள் வந்தன.
"ஐயோ, என்ன வடிவு!" என்று
தொலைபேசிக்குள் கைதட்டினாள் சுகிர்தா.
வடிவுதான்.
கறையான் தேடி, ஒரு சதுரம் புல்லைப்
பாய் சுருட்டுவதுபோல் புரட்டிப் போட்டன.

சோளகம் தொடங்கிய கிழமை
வாளியோடு நின்று கணக்குப் பார்த்தேன்.
கத்தரிக்கு எட்டு, சமையலுக்கு மூன்று,
குளிக்க ஆளுக்கு நாலு,
புல்லுக்கு நாற்பது.
"ஆட்டை அவிட்டு விடுவம்" என்றார் தவநேசன்.
உழவு மெசின் ஓட்டுபவருக்கு எல்லாம் லேசு.
நான் மாட்டேன் என்றேன்.

அவருக்குச் சொல்லாத ஒன்று இருந்தது.
சிவப்புத் தடிகளைப் பிடுங்கிவிட்டுத் தந்த காணி இது.
எத்தனையோ வருசம்
காலை வைக்கமுன் கண்ணை வைத்துத்தான் நடந்தேன்.
ஒரு ஞாயிறு மத்தியானம், வீட்டில் யாருமில்லை,
புல்லில் மல்லாந்து படுத்தேன்.
முதுகு முழுக்க அரிப்பு.
எழும்ப மனமில்லை.

ஆகவே, குளியலறைத் தண்ணீர் வழியும் இடத்தில்
நாலடிக்கு நாலடி வைத்துக்கொண்டேன்.
மீதியை விட்டேன்.
முதலில் தேங்காய்த் தும்பின் நிறம்,
பிறகு நிலத்தின் நிறம்,
பிறகு நிலம்.

கூப்பிடாமல் தும்பை வந்தது.
வேலிக்கு ஊன்றிய பூவரசந்தடி துளிர்த்தது.
சீமெந்து வெடிப்பில் நித்தியகல்யாணி
வெயிலையும் மாட்டையும் சட்டைசெய்யாமல் பூத்தது.
அதற்கு நான் செய்த பராமரிப்பு,
மிதிக்காமல் நடந்தது.

சனிக்கிழமைதோறும் சுகிர்தாவுக்குப் படம் போகவேண்டும்.
குந்தியிருந்து, போனைச் சரித்துப் பிடித்தால்
நாலடி, ஒரு பூங்கா.
"எவ்வளவு பச்சை" என்று எழுதுவாள்.
இதயம் ஒன்றும் போடுவாள்.

ஆடியில் வந்துவிட்டாள்.
படலையைத் திறந்தவள் அங்கேயே நின்றாள்.
"மிச்சம் எங்கை?"
"படத்துக்கு வெளியாலை."
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
பெட்டியை விட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றி,
காலுறையையும் கழற்றி மடித்து வைத்து,
நாலடிக்குள் போய் நின்றாள்.
எனக்கு இடம் விட்டு ஒரு பக்கம் ஒதுங்கினாள்.
நான் போகவில்லை, அடுப்பில் சோறு.

அன்றிரவு அரைமணித்தியாலம் குளித்தாள்.
விடிய, ஆடியிலேயே,
வாளி பாறையில் தட்டியது.
புல் மட்டும்
நிமிர்ந்து நின்றது.